தீப்பெட்டி ஊரில் 'ஃபயர்' என்றால்...

சென்னையில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் பேரன், கோவில்பட்டியில் இருக்கும் பாட்டிக்கு போன் போட்டு, "என்னை ஃபயர் பண்ணிட்டாங்க பாட்டி" என்று சொன்னால் என்ன ஆகும்?

"அய்யய்யோ, காயம் பலமாய்யா? கை காலுக்கு ஒண்ணுமில்லையே?" என்றுதான் பாட்டி பதறுவார். தீப்பெட்டி ஆபீஸ்கள் நிறைந்த ஊர் அது. அங்கே ஃபயர் என்றால் ஒரே அர்த்தம்தான். மணி அடித்துக்கொண்டு சிவப்பு வண்டி வரும்!

வேலையை விட்டு நீக்குவதற்கு 'ஃபயர்' என்று சொல்லும் பழக்கம் 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் கிளம்பியது. 'டிஸ்சார்ஜ்' என்றால் வேலையிலிருந்து விடுவிப்பது. துப்பாக்கியால் சுடுவதற்கும் அதே சொல்தான். அந்தச் சிலேடைதான் 'ஃபயர்' ஆனது.

'சாக்' அதற்கும் மூத்தது. அந்தக் காலத் தொழிலாளி தன் கருவிகளைச் சாக்குப்பையில் போட்டுக் கொண்டுவருவார். முதலாளி பையைத் திருப்பிக் கையில் கொடுத்தால், கிளம்பு என்று அர்த்தம். இப்படித்தான் அதற்கு விளக்கம் சொல்கிறார்கள். நம் ஊர் 'மூட்டையைக் கட்டு'க்குத் தூரத்துச் சொந்தம்!

இன்னும் இருக்கின்றன. 'பூட்' என்றால் உதை. 'ஆக்ஸ்' என்றால் கோடரி. 'டம்ப்' என்றால் குப்பையைக் கொட்டுவது. 'டிட்ச்' என்றால் பள்ளத்தில் தள்ளுவது. உடைந்த நாற்காலியையும் 'டம்ப்' பண்ணலாம், காதலித்தவரையும் 'டம்ப்' பண்ணலாம். பொருளுக்கும் ஆளுக்கும் வித்தியாசமே இல்லை.

இங்கே எல்லாம் தண்ணீர்தான்

தமிழில் என்ன சொல்கிறோம்? 'கை கழுவியாச்சு.' 'தலை முழுகியாச்சு.' 'தண்ணி தெளிச்சு விட்டாச்சு.'

கவனித்தீர்களா? அங்கே நெருப்பும் கோடரியும். இங்கே மூன்றிலும் தண்ணீர்! கடையை இழுத்து மூடுவதைக்கூட 'ஊத்தி மூடியாச்சு' என்கிறோம். அதிலும் எதையோ ஊற்றத்தான் செய்கிறோம்.

கரிசல் காடு மழையை நம்பிக் கிடக்கும் பூமி. கோவில்பட்டிக்குக் குடிக்கத் தாமிரபரணித் தண்ணீர் சீவலப்பேரியிலிருந்து குழாயில் வர வேண்டும். குடம் குடமாக எண்ணிப் புழங்கும் அந்தச் சீமையிலும், உறவை முறிக்க மட்டும் தண்ணீர்ச் சொல்லைத் தாராளமாகச் செலவழிக்கிறார்கள்.

காரணம் இருக்கிறது. தலை முழுகுவது துக்க வீட்டுச் சடங்கு. முன்பின் தெரியாதவருக்காக யாரும் தலை முழுகுவதில்லை. "அவனைத் தலை முழுகிட்டேன்" என்று ஓர் அப்பா சொன்னால், கோபத்துக்கு அடியில் ஒரு சாவு வீடே இருக்கிறது. கோயில் கொடையில் கிடாய்க்கு மஞ்சள் தண்ணி தெளித்துவிட்டால் அது சாமிக்கு உரியது. வளர்த்தவருக்கு அதன்மேல் பாத்தியதை இல்லை.

இதனால் தமிழ்ச் சொல் இளகிய மனசுக்காரச் சொல் என்று பெருமைப்பட வேண்டாம். தண்ணி தெளித்த கிடாய்க்கு அடுத்து வருவது அரிவாள்தான்!

தூக்கிப் போடும் காலம்

இப்போது எல்லார் வாயிலும் புழங்கும் சொல் 'யூஸ் அண்ட் த்ரோ'. பேனாவில் தொடங்கி, கப், தட்டு என்று வளர்ந்து, "என்னை யூஸ் அண்ட் த்ரோ பண்ணிட்டாங்க" என்று மனிதர்கள் அழுவது வரை வந்துவிட்டது.

கோவில்பட்டிக்கு இந்தச் சொல் வயிற்றில் அடித்த சொல். எரிவாயு தீர்ந்ததும் வீசிவிடும் மலிவு பிளாஸ்டிக் லைட்டர்கள் வெளிநாட்டிலிருந்து வந்து குவிந்து, தீப்பெட்டி வியாபாரத்தைக் கடித்தன. உற்பத்தியாளர்கள் முறையிட்டார்கள். 20 ரூபாய்க்குக் கீழே உள்ள லைட்டர்களை இறக்குமதி செய்ய 2023 ஜூன் மாதம் மத்திய அரசு தடை போட்டது.

லைட்டருக்குத் தடை போடலாம். இயந்திரத்துக்கு? குச்சி அடுக்குவதும் பெட்டி ஒட்டுவதும் ஒருகாலத்தில் கைவேலை. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பெட்டி ஒட்டியே பிள்ளைகளைப் படிக்கவைத்த அம்மாக்கள் உண்டு. இயந்திரம் வர வர அந்த வேலை சுருங்கியது.

அப்படிச் சுருங்கும்போது யாரும் 'ஃபயர்' என்று சொல்வதில்லை. 'தலை முழுகிட்டோம்' என்றும் சொல்வதில்லை. நம் ஊரில் அதற்கு ஒரு வாசகம் இருக்கிறது: "வேலை இருந்தா சொல்லி அனுப்புறோம்மா."

பெண் பார்த்துவிட்டு, பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, "ஊருக்குப் போய் லெட்டர் போடுறோம்" என்று கிளம்புவார்களே, அதே வாசகம்தான். இன்றைய பிள்ளைகள் பதில் போடாமல் மறைந்துவிடுவதை 'கோஸ்ட்டிங்' என்கிறார்கள். நம் மாப்பிள்ளை வீட்டார் அதில் எப்போதோ கைதேர்ந்தவர்கள்!

கேட்க மெதுவான சொல்தான். ஆனால் கோடரி விழுந்தால் வேறு வழி பார்க்கலாம். தலை முழுகிவிட்டால் அழுது முடிக்கலாம். 'சொல்லி அனுப்புறோம்' என்றால், அந்த அம்மா தினமும் காலையில் தலை வாரிக்கொண்டு வாசலைப் பார்த்துக் காத்திருப்பார். பெண்ணைப் பெற்றவர் தபால்காரரைப் பார்த்துக் காத்திருப்பார்.

போகச் சொல்வது ஒருவேளை தவிர்க்க முடியாததாக இருக்கலாம். அப்போதும் முகத்தைப் பார்த்து, "இனிமே இல்லைம்மா" என்று சொல்லிவிடுவதுதான் மரியாதை.

அதைக் கேட்டால் அவர் அழலாம். ஆனால், மறுநாள் காலையில் வேறு வாசலுக்குப் போவார்.