அப்டேட் வராத பக்கத்துக்குக் காசைக் குடுங்கோ

போன நிகழ்ச்சியில கிற்றார் அம்ப் மென்பொருள் பற்றிக் கதைச்சம் எல்லோ. அதைக் கேட்ட ஒரு தம்பி எனக்கு ஒரு எக்ஸெல் ஃபைல் அனுப்பினவர். "அண்ணா, கையில 600 டொலர் இருக்கு. முதல் எலக்ட்ரிக் கிற்றார். இதில எது?" 11 மொடல், 14 கொலம். என்ன மரம், என்ன பிக்கப், எந்த நாட்டில செய்தது, எத்தினை ஸ்டார், எல்லாம் இருந்தது. நாங்கள் லப்டொப் வாங்கிற மாதிரியே போட்டிருந்தார். நானும் அப்பிடித்தான் செய்திருப்பன்.

அவருக்கு எழுதின பதிலைக் கொஞ்சம் நீட்டி இங்க தாறன். என்ர கருத்து இதுதான்: கிற்றாரின்ர சத்தம் இப்ப மென்பொருள், பிறகும் மாத்தலாம். கைக்கு அது எப்பிடி இருக்கு எண்டது ஹார்ட்வெயார், அதுக்கு அப்டேட் வராது. அதனால காசையும் கவனத்தையும் கை படுற இடத்துக்குக் குடுங்கோ.

முதல்ல, இது பழைய தொழில்நுட்பம். ஃபெண்டர் டெலிகாஸ்டர் 1950இல வேற பேரோட வந்தது. கிப்சன் லெஸ் போல் 1952, ஸ்ட்ராற்றோகாஸ்டர் 1954. இண்டைக்குக் கடைச் சுவரில தொங்கிறதில பெரும்பகுதி இந்த மூண்டின்ர பேரப்பிள்ளையள்தான். "புது மொடல் எண்டால் வேகம் கூட" எண்ட லப்டொப் கணக்கு இங்க சரிவராது.

சத்தத்தைப் பாப்பம். ஒரு கேபிள், ஒரு ஓடியோ இன்டர்ஃபேஸ், உங்கட லப்டொப். நியூரல் அம்ப் மொடலர் எண்ட ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் இலவசம். ஒரு உண்மையான அம்ப் எப்பிடி நடந்துகொள்ளுது எண்டதை நியூரல் நெற்வேர்க்கால படிச்சு வைச்சுத் திருப்பித் தருது. பிக்கப் பிடிக்காட்டி ரெண்டு வருசம் கழிச்சு சோல்டரிங் அயனோட மாத்தலாம். ஆனால் நெக்கின்ர நீளம், விரல் ஓடுற பலகையின்ர வளைவு, நெக்கின்ர தடிப்பு? அதை மாத்திறதெண்டால் வேற கிற்றார்தான் வாங்கவேணும்.

அந்தத் தம்பியின்ர ஃபைலில இல்லாத கொலம் இதுகள்தான்.

ஒண்டு, ஸ்கேல் நீளம். ஃபெண்டர் வகைக்கு 25.5 அங்குலம், கிப்சன் வகைக்கு 24.75. சின்ன வித்தியாசம் எண்டு நினைப்பியள். ஆனா ஒரே சுருதிக்கு ஸ்ட்ரிங்கின்ர இழுவிசை நீளத்தின்ர வர்க்கத்தோட போகும். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 6 வீதம் குறையுது. ஸ்ட்ரிங்கின்ர தடிப்பும் அப்பிடித்தான். 10 நம்பர் செட்டை விட்டு 9 நம்பர் போட்டால் முதல் ஸ்ட்ரிங்கின்ர இழுவிசை 19 வீதம் குறையும். அந்தப் பக்கெட் ஒரு சாப்பாட்டுக் காசுதான்.

ரெண்டு, பலகையின்ர வளைவு, அதாவது ரேடியஸ். பழைய ஃபெண்டருக்கு 7.25 அங்குலம், இப்பத்தைய ஸ்குவையர் கனக்க 9.5, எபிஃபோன் லெஸ் போல் 12, யமஹா பசிஃபிக்கா 112க்கு 13.75. எண் சின்னனெண்டால் பலகை உருண்டை, கூடினால் தட்டை. உருண்டைப் பலகை கோர்ட் பிடிக்கச் சுகம். ஆனால் முதல் ஸ்ட்ரிங்கை நடுப்பக்கமாய்த் தள்ளி வளைக்கேக்க பலகையின்ர மேடு குறுக்க வரும். ஸ்ட்ரிங் உயரமும் குறைவெண்டால் அது மேல் ஃபிரெட்டில முட்டி, சத்தம் அப்பிடியே செத்துப்போகும்.

எங்கட ஆக்களுக்கு இது ஏன் முக்கியம் எண்டால், எங்களில கனபேர் சனிக்கிழமை மியூசிக் கிளாசுக்கு இழுபட்டுப் போன ஆக்கள். கிற்றாரில முதல் நாள் சொல்லித்தாற மைனர் பென்ரரொனிக் வேற ஒண்டுமில்லை, சுத்த தன்யாசிதான். சுரத்தைத் தொட்டவுடன கை தானாய்க் கமகத்துக்குப் போகும். வீணையில மெட்டில தந்தியை இழுத்து அடுத்த சுரத்துக்குப் போறதும், கிற்றாரில பெண்ட் பண்ணுறதும் ஒரே வேலை. யு. ஸ்ரீநிவாஸ் எலக்ட்ரிக் மண்டலினில சோடி சோடியாய் இருந்த ஸ்ட்ரிங்கை விட்டு, ஒற்றை ஸ்ட்ரிங் அஞ்சு போட்டு வாசிச்சவர். கிற்றாரில கர்நாடக சங்கீதம் வாசிக்கிற பிரசன்னாவையும் கேட்டுப் பாருங்கோ. இழுக்க விடாத கிற்றார் இந்த வேலைக்கு உதவாது.

இனி நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாய் நிக்கிறன் எண்டு சொல்லுறன்.

எனக்கு 16 வயசில அப்பா ஒரு கிற்றார் வாங்கித் தந்தவர். கிற்றார், சின்ன அம்ப், கேபிள் எல்லாம் ஒரே பெட்டியில. அவர் அப்ப பக்டரியில நைட் ஷிஃப்ட். அந்தக் காசு எத்தினை இரவு எண்டு எனக்குத் தெரியும். ஆறு மாசம் அடிச்சன். விரல் நுனி வெடிச்சது, F கோர்ட் ஒருநாளும் வரேல்லை. பிறகு அது கட்டிலுக்குக் கீழ போச்சு. அப்பா ஒண்டும் சொல்லேல்லை. எனக்குக் கை வராது எண்டு நானே முடிவெடுத்தன்.

12 வருசம் கழிச்சு அதை விப்பம் எண்டு எடுத்து, திருத்திற ஒருத்தரிட்டக் கொண்டுபோனன். அவர் ஒரு சின்ன ரூலரை 12ஆவது ஃபிரெட்டில வைச்சார். ஸ்ட்ரிங் 3.5 மில்லிமீற்றர் உயரத்தில நிண்டது. வழமையாய் 1.5, 2 போதும். மேல் நுனியில ஸ்ட்ரிங் இருக்கிற நட்டின்ர காடியும் ஆழமாய் வெட்டப்படேல்லை. நெக்குக்குள்ள ஓடுற இரும்புக் கம்பியைக் கொஞ்சம் திருப்பி, காடியை அராவி, பிரிட்ஜை இறக்கித் தந்தார். 80 டொலர். அங்கையே F பிடிச்சன். வந்தது.

அண்டைக்கே அப்பாவுக்குக் கோல் எடுத்தன். அவர் ஒண்டுதான் கேட்டவர்: "அப்ப கிற்றார் பழுதில்லையோ?"

இல்லை அப்பா, பழுதில்லை. எனக்கும் ஒண்டும் பழுதில்லை. அந்தப் பெட்டிக்குள்ள ஒருத்தரும் செய்யாமல் விட்ட ஒரு மணித்தியால வேலை, அவ்வளவுதான். எத்தினை பிள்ளையள் இப்பிடித் தங்கடை விரலைக் குறை சொல்லி விட்டிருப்பினம் எண்டு யோசிச்சால் கோவம் வருது.

அதனால 600 டொலரை இப்பிடிப் பிரியுங்கோ. ஒன்ராறியோவில 13 வீத வரி. 430க்குக் கிற்றார் எடுத்தால் வரியோட 486. மிச்சத்தில செட்டப்புக்கு ஒதுக்குங்கோ, ஒரு 9 நம்பர் செட்டும் எடுங்கோ. 530க்கு மினுங்கிற மொடல் எடுத்து, வரி கட்டி, செட்டப்புக்குக் காசில்லாமல் நிக்காதேங்கோ. இன்டர்ஃபேஸை செகண்ட் ஹாண்டில தேடலாம்.

ஒன்லைனில மலிவு எண்டு சொல்லுவினம். உண்மைதான், திருப்பிக் குடுக்கலாம் எண்டால் நானும் எதிர்க்கேல்லை. ஆனால் முதல் கிற்றாருக்குக் கடைக்குப் போங்கோ. அம்பில போடாமலே கையில எடுங்கோ. முதல் ஃபிரெட்டில F பிடியுங்கோ. கோர்ட் சுத்தமாய் வராட்டிப் பரவாயில்லை, எவ்வளவு அமத்த வேண்டியிருக்கு எண்டதைத்தான் பாக்கிறது. 12ஆவது, 15ஆவது ஃபிரெட்டில முதல் ஸ்ட்ரிங்கை ஒரு முழுச் சுரம் மேல இழுத்துப் பிடியுங்கோ. சத்தம் சாகுதோ பாருங்கோ. செத்தால் அது செட்டப்பால சரிவருமோ எண்டு கடைக்காரரைக் கேளுங்கோ. கேக்க வெக்கப்படாதேங்கோ, அவருக்கு அதுதான் வேலை. பிறகு நெக்கின்ர ஓரத்தில கையை மேலும் கீழும் ஓட்டுங்கோ. ஃபிரெட் நுனி குத்துதெண்டால் மரம் காஞ்சு சுருங்கியிருக்கு. ரொறன்ரோவில ஹீட்டர் ஓடுற மாசங்களில நல்ல கிற்றாருக்கும் இது வரும். வீட்டில ஈரப்பதனை 45, 50 வீதத்துக்குக் கிட்ட வைச்சிருங்கோ. முதல் விண்டர் முடிய ஒருக்கால் திருப்பிக் காட்டுங்கோ.

தம்பி இண்டைக்குக் காலமை புது ஃபைல் அனுப்பியிருக்கிறார். மரம், நாடு, ஸ்டார் மூண்டு கொலமும் போட்டுது. ஸ்கேல், ரேடியஸ், "கடையில இழுத்துப் பாத்தனா?" எண்டு மூண்டு புதுசாய் வந்திருக்கு. கடைசிக் கொலம் இன்னும் வெறுமை. சனிக்கிழமை ரெண்டு பேருமாய்க் கடைக்குப் போறம்.