மஞ்சள் கடுதாசியும் அடமானக் கடனும்

"மஞ்சள் கடுதாசி கொடுத்துட்டா எல்லாக் கடனும் போச்சு" என்றுதான் நம்மில் பலர் நினைத்துக் கொண்டிருக்கிறோம். அடமானக் கடன் அப்படிப் போகாது சகோதரிகளே. எங்கள் தெருவில் ஒரு குடும்பம் இதை அறியாமல் மனுப் போட்டுவிட்டு, வீட்டை ஏலம் விடப்போவதாக நோட்டீஸ் வந்ததும் திகைத்து நின்றது.

இந்த மனுவுக்குச் சென்னையில் 1909-ம் வருஷத்துச் சட்டம். மற்ற ஊர்களில் 1920-ம் வருஷத்துச் சட்டம். யார் யாருக்கு எவ்வளவு பாக்கி, அவர்கள் விலாசம், நம் சொத்து என்ன, அதன் மதிப்பு என்ன, எல்லாம் மனுவில் வரவேண்டும்.

புரோநோட்டு, கைமாற்று, மளிகைக்கடை பாக்கி இவையெல்லாம் ஈடில்லாத கடன். வீட்டுப் பத்திரம், நகை வைத்து வாங்கியது ஈட்டுக் கடன். ஸ்கூட்டரின் ஆர்.சி. புத்தகத்தில் பைனான்ஸ்காரர் பெயர் ஏறியிருந்தால் அதுவும் ஈடுதான். இரண்டையும் ஒன்றாகக் கலந்து எழுதக்கூடாது. ஈட்டுக் கடன் ஒவ்வொன்றுக்கும் நேரே எந்தப் பொருள், இன்று என்ன பெறும், அசலும் வட்டியுமாக எவ்வளவு நிற்கிறது என்று எழுத வேண்டும்.

வீடு 8 லட்சம் பெறும், கடன் 10 லட்சம் என்று வையுங்கள். வீட்டை விற்று 8 லட்சம் எடுத்துக்கொண்டு, மீதி 2 லட்சத்துக்குத்தான் கடன் கொடுத்தவர் மற்றவர்களோடு பங்குக்கு வரலாம். மனு நடக்கும்போதும் ஈட்டின் மேல் அவருக்குள்ள உரிமையைச் சட்டம் தடுப்பதில்லை. "தவணை ஒழுங்காத்தானே கட்டறோம், அதை எதுக்கு எழுதணும்?" என்று ஆண்கள் சொல்வார்கள். விடாதீர்கள், எழுதச் சொல்லுங்கள். வீடு அடமானத்தில் இருந்தாலும் சொத்துப் பட்டியலிலும் அது வரவேண்டும்.

பாங்கில் பாக்கித் தொகையை எழுத்தில் வாங்கிக் கொள்ளுங்கள். வில்லங்கச் சான்று மட்டும் போதாது. பத்திரத்தைக் கொடுத்து வாங்கிய கடன் சில சமயம் அதில் ஏறியிருக்காது. அடகில் உள்ள நகை உங்கள் பிறந்த வீட்டுச் சீதனமானால், அதையும் வக்கீலிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். அவர் நகையும் உங்கள் நகையும் ஒன்றல்ல.

சமையல் பாத்திரம், படுக்கை, உடுதுணி, கழற்றக்கூடாத தாலி இவற்றில் கோர்ட் கை வைக்காது. அந்தப் பயம் வேண்டாம்.

பயப்பட வேண்டியது வேறொன்று. கணவர் கடனுக்கு நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால், கோர்ட் அவரைக் கடனிலிருந்து விடுவித்தாலும் உங்களை விடாது. எந்தெந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டீர்கள் என்று பீரோவைத் திறந்து இன்றைக்கே தேடிப் பாருங்கள்.