மர விலை ஏற்ற இறக்கமும் பழவேற்காட்டு மீனவர் வீடுகளும்: கோரிக்கை மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சியர், திருவள்ளூர் மாவட்டம்.
அனுப்புநர்: பழவேற்காடு ஏரிக்கரை மீனவர் கிராமங்களின் சங்கம், பொன்னேரி வட்டம்.
பொருள்: அரசு வீட்டுத் திட்டப் பயனாளிகளுக்கு நிலை, கதவு மரத்தை நிலையான விலையில் வழங்கக் கோருதல்.



2024-25ஆம் ஆண்டு தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் என்று மதிப்பு வரையறுக்கப்பட்டு, சிமென்ட்டும் கம்பியும் துறை வழியாகவே கிடைப்பதால், அவற்றின் சந்தை விலை ஏறினாலும் பயனாளிக்குப் பாதிப்பு குறைவு. மரத்துக்கோ அத்தகைய ஏற்பாடு இல்லாததால், கூனங்குப்பம், கோரைக்குப்பம், பசியாவரம் போன்ற ஊர்க்காரர்கள் அன்றன்றைய விலைக்கே மர வாடியில் வாங்க வேண்டியுள்ளது.

மர விலை ஒரு நிலையில் நில்லாததற்குக் காரணம் உள்ளூரில் மட்டும் இல்லை. மியான்மர் 2014 ஏப்ரல் 1 முதல் அறுக்கப்படாத மரத்தின் ஏற்றுமதியை நிறுத்திய பின், ஆப்பிரிக்க, தென்னமெரிக்கத் தேக்கை நம்பியிருக்கும் சந்தையில் கப்பல் கூலியும் டாலர் மதிப்பும் மாறும்போதெல்லாம் கன அடி விலையும் மாறுகிறது. இறக்குமதி மரம் ஏறினால் நாட்டு மரமும் உடன் ஏறுகிறது. இவற்றின் மேல் 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரியும் சேர்கிறது.

7 அடி உயரமும் மூன்றரை அடி அகலமும் உள்ள தலைவாசல் நிலைக்கு, அதாவது கதவைத் தாங்கும் சட்டத்துக்கு, 5 அங்குல அகலமும் 3 அங்குலக் கனமும் கொண்ட கட்டை நான்கு பக்கமுமாக 21 அடி தேவைப்படுகிறது. இது ஏறக்குறைய 2.2 கன அடி. கன அடிக்கு 500 ரூபாய் கூடினால் ஒரு நிலைக்கு மட்டும் 1,100 ரூபாய் கூடும். கதவும் ஜன்னலும் ஆசாரி கூலியும் தனி. நிலை நிறுத்திய பிறகே சுவர் எழும்பும். தவணையோ பணி முடிந்து அளவெடுத்த பிறகே வரும். ஏரியின் முகத்துவாரம் மணலால் தூர்ந்து இறால் வரத்து குறையும் மாதங்களில் இந்த இடைவெளியை வட்டிக் கடன்தான் நிரப்புகிறது. ஆகவே விலை உயர்வைக் காட்டிலும், விலை இறங்கும் வரை காத்திருக்க இயலாத நிலையே பெரிய இழப்பு.

இரும்பு நிலை வைக்கலாமே என்னும் யோசனை அலுவலகங்களில் அவ்வப்போது கூறப்படுகிறது. உப்புக் காற்றில் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும்; சிமென்ட் நிலையிலும் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்து வெடிப்பு விடும். தேக்கே வேண்டும் என்று சங்கம் கேட்கவில்லை. நன்கு உலர்ந்த வேம்பும் வேங்கையும் போதும்.

எனவே, வனத்துறை மரக்கிடங்குகளிலிருந்து நிலை, கதவு மரத்தை ஓராண்டுக்கு மாறாத விலையில், சிமென்ட் வழங்கும் முறையிலேயே, பழவேற்காட்டில் வழங்க அரசுக்குப் பரிந்துரைக்குமாறும், அது நடைமுறைக்கு வரும் வரை அடித்தளம் முடிந்தவுடன் நிலைக்கான தொகையைத் தனித் தவணையாக விடுவிக்குமாறும், மரம் வாங்க இயலாமல் பணி தாமதமான வீடுகளின் ஆணையை ரத்து செய்யாமல் கால நீட்டிப்பு அளிக்குமாறும் சங்கம் கேட்டுக்கொள்கிறது. மூன்றில் தனித் தவணையே மிக அவசரமானது. அதற்குப் புதிய நிதி ஒதுக்கீடு தேவையில்லை, ஒதுக்கிய தொகையின் ஒரு பகுதியை முன்னதாக வழங்கினாலே போதும்.

இப்படிக்கு,
சங்க நிர்வாகிகள்

நகல்: திட்ட இயக்குநர், மாவட்ட ஊரக வளர்ச்சி முகமை, திருவள்ளூர்.