தேய்க்காதீர்கள், முதலில் கழுவுங்கள்

போன மாதம் ஒரு பையன் கடைக்கு வந்தான். கையில் பிளேஸ்டேஷன் 2-இல் போடுகிற ‘கிரிக்கெட் 07’ சிடி. “அண்ணே, எங்கப்பாவோடது. பரண்ல கெடந்துச்சு. படிக்க மாட்டேங்குது, சரி பண்ண முடியுமா?” என்றான். வாங்கித் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் முழுக்கப் புகை படிந்த கண்ணாடிபோல மங்கிக் கிடந்தது. ஆழமான கீறல் ஒன்றுகூட இல்லை. வீட்டில் யாரோ பற்பசை போட்டு வட்டம் வட்டமாகத் தேய்த்திருக்கிறார்கள்.

நான் 2005 முதல் ஏழு வருஷம் மதுரையில் சிம்மக்கல் பக்கம் கேம் சென்டர் நடத்தியவன். நாலு டிவி, நாலு பிளேஸ்டேஷன் 2. டிவிடியானாலும் எங்களுக்கு எல்லாமே சிடிதான். பரோட்டா தின்ற கை, வியர்த்த கை என்று ஒரு சிடி ஒரே நாளில் எத்தனையோ கைகள் மாறும். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: கீறலால் வீணான சிடிகளைவிட, கீறலைப் போக்குகிறேன் என்று தேய்த்து வீணாக்கிய சிடிகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

சிடியின் கனம் 1.2 மில்லிமீட்டர். லேசர் கீழிருந்து அந்தத் தெளிவான பிளாஸ்டிக்கைக் கடந்துபோய், உள்ளே இருக்கும் பதிவைப் படிக்கிறது. அதன் குவியம் பதிவின் மேல்தான் இருக்கும். அதனால் மேலோட்டமான கீறல் பெரும்பாலும் அதற்குத் தடையே இல்லை. சிறிது தகவல் விட்டுப்போனாலும் கணக்குப்போட்டு நிரப்பிக்கொள்ளும் ஏற்பாடு சிடியிலேயே இருக்கிறது. ஆனால் பதிவு, வட்டப் பாதையில் சுற்றிச் சுற்றிப் போகிறது. நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராக விழுந்த கீறல் ஒவ்வொரு சுற்றிலும் துளியூண்டுதான் மறைக்கும். பாதையோடு சேர்ந்து ஓடும் கீறல் ஒரே இடத்தில் தொடர்ச்சியாக விழுங்கிவிடும், நிரப்ப முடியாது. சாப்பாட்டுத் தட்டைத் துடைப்பதுபோல வட்டமாகத் துடைப்பவர்கள், இருப்பதிலேயே மோசமான கீறலைத் தங்கள் கையாலேயே போடுகிறார்கள்.

வந்த சிடிகளில் பாதிக்குமேல் வெறும் அழுக்குதான். குழாய்த் தண்ணீரில் நனைத்து, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, விரல் நுனியால் மெதுவாக நடுவிலிருந்து வெளியே தள்ளினால் போதும். பிறகு பலமுறை துவைத்துப் பஞ்சாகிப்போன வேட்டித் துணியால் ஒற்றி, நிழலில் காயவைக்க வேண்டும். தின்னர், பெட்ரோல், நெயில் பாலிஷ் ரிமூவர் எதுவும் கிட்டேயே வரக் கூடாது. பிளாஸ்டிக் வெடித்து வெளுத்துவிடும். கழுவியும் ஓடவில்லையா, வேறொரு நல்ல சிடியைப் போட்டுப் பாருங்கள். அதுவும் திக்கினால் குற்றம் லென்ஸில் இருக்கிறது.

படம் அச்சடித்த மேல்பக்கத்தைத்தான் யாரும் கவனிப்பதில்லை. டிவிடி அல்லாத சிடியில் பதிவு அந்த அச்சுக்கு நேர் கீழே, மெல்லிய பூச்சுக்கு அடியில் இருக்கிறது. டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்து, ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தால் அந்த இடத்தில் பதிவே உதிர்ந்துவிட்டது. அதற்கு எந்த பாலிஷும் உதவாது. அதைச் சரிசெய்கிறேன் என்று காசு வாங்குவது தப்பு.

புளூ-ரே வேறு சாதி. பிளேஸ்டேஷன் 3 வந்த புதிதில், இதுவும் சிடிதானே என்று ஒரு வாடிக்கையாளரின் தட்டை நான் பாலிஷ் மெஷினில் கொடுத்துவிட்டேன். டிவிடியில் பதிவுக்குக் கீழே 0.6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் உண்டு. கொஞ்சம் சுரண்டினாலும் தாங்கும். புளூ-ரேயில் 0.1 மில்லிமீட்டர்தான். அதைக் காப்பதற்கென்றே கீறல் தாங்கும் கடினப் பூச்சு ஒன்று உண்டு. நான் அந்தப் பூச்சையே சுரண்டி எடுத்துவிட்டேன். அந்தத் தட்டு அப்புறம் ஓடவே இல்லை. புதுத் தட்டு வாங்கிக் கொடுத்தேன். இன்றைக்கும் சில கடைகளில் எந்தத் தட்டு வந்தாலும் கேட்காமல் மெஷினில் ஏற்றுகிறார்கள். தயவுசெய்து நிறுத்துங்கள்.

பழைய சிடிக்கு இவ்வளவு ஏன் என்று கேட்பவர்கள் உண்டு. 2006-இல் வந்த ‘கிரிக்கெட் 07’க்குப் பிறகு அந்த வரிசையில் அடுத்த ஆட்டம் வரவே இல்லை. இருக்கும் சிடிகள்தான் மிச்சம். தரவிறக்கம் செய்து ஆடலாமே என்றால், அந்தக் கடைகளும் மூடப்படுகின்றன. நின்டெண்டோ 3டிஎஸ், வீ யூ இரண்டுக்குமான இணையக் கடையில் 2023 மார்ச்சோடு விற்பனையை நிறுத்திவிட்டார்கள். அப்பா ஆடிய சிடியை மகன் கையில் கொடுக்கலாம். அதற்கு எந்தக் கடையும் திறந்திருக்க வேண்டியதில்லை.

பையனின் சிடியைக் கழுவி, மெஷினில் நுண்ணிய பாலிஷ் மட்டும் இரண்டு முறை கொடுத்தேன். மங்கல் விலகியது, ஆட்டமும் திறந்தது. இன்னும் ஓரிரு முறைக்குமேல் அது தாங்காது என்று அவனிடம் சொல்லி அனுப்பினேன். உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒன்று கிடந்தால், பற்பசையைத் தொடாமல் முதலில் தண்ணீரில் கழுவிப் போட்டுப் பாருங்கள்.