தர்மமும் சர்க்காரின் கடமையும்

உலகத் தேசங்களுள் செல்வத்தில் முதன்மை வாய்ந்தது அமெரிக்க ஐக்கிய நாடு என்பதை யாவரும் அறிவர். அத்தேசத்துப் பொதுப் பாடசாலை உபாத்தியாயர், தம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வேண்டிய பென்சிலையும் காகிதத்தையும் தம் சொந்தச் சம்பளத்திலிருந்து வாங்கித் தருகிறார் என்று சொன்னால் நம் நேயர்களிற் பலர் நம்பத் தயங்குவர். ஆயினும் அது உண்மை. அந்நாட்டுச் சர்க்காரின் கல்விப் புள்ளிவிவர இலாகாவே 2018-ம் வருஷத்தில் இதை ஒப்புக்கொண்டது. 2014–15-ம் கல்வி வருஷத்தில் பொதுப் பாடசாலை உபாத்தியாயர்களில் நூற்றுக்கு 94 பேர் வகுப்புச் சாமான்களுக்காகத் தம் கைப்பணத்தைச் செலவிட்டுத் திரும்பப் பெறாதவர்கள். செலவிட்டவர்க்குச் சராசரி 479 டாலர் ஆயிற்று. ஏழைப் பிள்ளைகள் மிகுதியாகப் பயிலும் பாடசாலைகளில் இச்சராசரி 500 டாலருக்கும் மேற்பட்டது. வறுமை எங்கே அதிகமோ அங்கே உபாத்தியாயரின் பையும் அதிகமாகக் காலியாகிறது.

இக்குறையைத் தணிப்பதற்கென்றே அந்நாட்டில் எழுந்தவை, உபாத்தியாயர்க்கு இலவசமாகச் சாமான் வழங்கும் தர்மக் கிடங்குகள். ஒஹாயோ மாகாணத்துச் சின்சினாட்டி நகரில் 1997-ம் வருஷத்தில் 'கிரேயான்ஸ் டு கம்ப்யூட்டர்ஸ்' என்னும் ஸ்தாபனம் தோன்றிற்று. அதற்கு இரண்டு வருஷங்களுக்கு முன்பே தோன்றிய 'கிட்ஸ் இன் நீட் பவுண்டேஷன்' என்னும் நிதி, பல நகரங்களிலுள்ள இத்தகைய கிடங்குகளை ஒரே வலையாகப் பின்னிற்று. 2000-ம் வருஷத்தில் நியூயார்க் நகரத்துப் பிராங்க்ஸ் பகுதியில் உபாத்தியாயராயிருந்த சார்லஸ் பெஸ்ட், தம் சகாக்களின் தேவைகளைப் பொதுஜனங்களுக்கு நேரே தெரிவித்து நன்கொடை பெறும் 'டோனர்ஸ்சூஸ்' என்னும் முறையை ஏற்படுத்தினார். பெயர்கள் வேறு, தொழிற்படும் விதம் சற்று வேறு, நோக்கம் ஒன்றே.

கிடங்குகளின் வேலைமுறை எளிது. வியாபாரிகளிடமும் தொழிற்சாலைகளிடமும் விற்காமல் தேங்கிய சரக்கும், அச்சுப் பிழையால் ஒதுக்கப்பட்டவையும், காரியாலயங்கள் கழித்துவிட்ட கோப்புறைகளும் காகிதங்களும் மேஜைகளும் நன்கொடையாக வந்து சேருகின்றன. இவற்றைப் பிரித்து, எண்ணி, அடுக்கி வைப்பவர்கள் பெரும்பாலும் கூலி பெறாத தொண்டர்களே. குறித்த நாளில் உபாத்தியாயர் வருகிறார். கடையில் சுற்றுவது போலவே சுற்றித் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுகிறார். விலை மட்டும் கொடுப்பதில்லை. ஒருவரே அள்ளிக்கொண்டு போகாதபடி இன்ன சாமானில் இத்தனை என்று வரம்பு உண்டு. எப்பாடசாலை ஏழைப் பாடசாலை என்பதைத் தீர்மானிக்கப் பெரும்பாலும் கைக்கொள்ளும் அளவுகோல், 1946-ம் வருஷத்துப் பகலுணவுச் சட்டத்தின் கீழ் இலவசமாகவோ குறைந்த விலைக்கோ உணவு பெறத் தகுந்த பிள்ளைகளின் விகிதமாகும். இதனால் வீண் விசாரணையும் மனுவும் சிபாரிசும் ஒழிகின்றன.

இத்தொண்டர்களுக்கு நம் மனமார்ந்த பாராட்டு உரியது. குப்பைக்குப் போகவிருந்த பொருளைக் குழந்தையின் கைக்கு மாற்றுவது சிறிய புண்ணியமன்று. உபாத்தியாயரை யாசகராக வரிசையில் நிறுத்தாமல், தமக்கு வேண்டியதைத் தாமே தெரிந்தெடுக்கும் கண்ணியமுள்ளவராக நடத்துவதும் போற்றத்தக்கது.

நிற்க. செல்வம் கொழிக்கும் நாட்டில் இத்தர்மம் ஏன் அவசியமாயிற்று என்ற கேள்விக்கு விடை கிடங்கில் இல்லை. சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. அந்நாட்டில் பாடசாலைச் செலவின் பெரும்பகுதியை மாகாணங்களும் அந்தந்த ஊர்ப் பள்ளி ஜில்லாக்களுமே ஏற்கின்றன. ஊரின் பங்குக்கு முக்கிய ஆதாரம் சொத்து வரி. ஆகவே மாளிகைகள் நிறைந்த ஊரில் பாடசாலை செழிக்கிறது. குடிசைகள் நிறைந்த ஊரில் மெலிகிறது.

டெக்ஸாஸ் மாகாணத்து ஸான் அன்டோனியோ நகரில் எட்ஜ்வுட் என்பது பெரும்பாலும் மெக்ஸிக வம்சத்து ஏழைகள் வாழ்ந்த பகுதி. ஆலமோ ஹைட்ஸ் செல்வர் பகுதி. 1967–68-ல் எட்ஜ்வுட் ஜனங்கள் நூறு டாலர் சொத்து மதிப்புக்கு 1 டாலர் 5 ஸெண்டு வீதம் வரி செலுத்தினர். ஆலமோ ஹைட்ஸ் செல்வர்கள் 85 ஸெண்டே செலுத்தினர். அப்படியிருந்தும், எல்லா வகை நிதியும் சேர்த்துப் பிள்ளை ஒன்றுக்குச் செலவிட முடிந்தது எட்ஜ்வுட்டில் 356 டாலர், ஆலமோ ஹைட்ஸில் 594 டாலர். ஏழை அதிக வீதத்தில் வரி கொடுத்துக் குறைந்த கல்வி பெற்றான்! இந்த அநீதியை எதிர்த்து டெமட்ரியோ ரோட்ரிகஸ் முதலிய பெற்றோர்கள் வழக்காடினர். 1973-ம் வருஷத்தில் அத்தேசத்துச் சுப்ரீம் கோர்ட்டு, கல்வி ஐக்கிய நாட்டு அரசியல் சாசனம் அளிக்கும் அடிப்படை உரிமையன்று என்று ஐவர்க்கு நால்வர் என்ற கணக்கில் தீர்ப்பளித்துவிட்டது. 1954-ல் நிறபேதப் பாடசாலைகளைத் தகர்த்த வழக்கில் வாதாடி வென்ற தர்குட் மார்ஷல், இம்முறை நீதிபதியாக அமர்ந்து இத்தீர்ப்பைக் கடுமையாக மறுத்து எழுதினார்; பயன்படவில்லை. 1989-ல் டெக்ஸாஸ் மாகாணத்து உயர்ந்த நியாயஸ்தலம் மாகாண சாசனத்தைக் கொண்டு இம்முறையைச் செல்லாதெனத் தள்ளிற்றெனினும், தேசம் முழுமைக்குமான பரிகாரத்தின் வாயில் 1973-லேயே அடைக்கப்பட்டது. அடைபட்ட அவ்வாயிலுக்கு வெளியே நிற்பவையே இத்தர்மக் கிடங்குகள்.

வரிச் சட்டத்தையும் சிறிது நோக்குவோம். தன் சரக்கை ஏழைகளின் உபயோகத்துக்காகத் தர்ம ஸ்தாபனத்துக்குக் கொடுக்கும் கம்பெனி, 1976-ம் வருஷத்துச் சட்டத்தால், அடக்க விலையின் இருமடங்கு வரையில் தன் வருமானக் கணக்கில் கழித்துக்கொள்ள வழியுண்டு. தம் சம்பளத்தில் பென்சில் வாங்கிய உபாத்தியாயருக்கோ 2002-ம் வருஷம் முதல் கிடைத்த விசேஷக் கழிவு 250 டாலர். இருபது வருஷம் அது அசையாமல் நின்று, 2022-ல் தான் 300 ஆயிற்று. கழிவு என்பது ரொக்கமன்று. நூற்றுக்கு 12 வீதம் வரி கட்டும் உபாத்தியாயருக்கு 250 டாலர் கழிவினால் மிச்சமாவது 30 டாலரே. விற்காத சரக்கைக் கொடுத்தவனுக்குத் தாராளம், உழைத்த கூலியைக் கொடுத்தவனுக்குச் சிக்கனம்!

இந்நிலையில் இரு சாரார் இரு வேறு பிழைகளில் வீழ்கின்றனர். ஒரு சாரார், தர்மம் இருக்கும்போது வரி எதற்கு, பொதுஜனங்களே பார்த்துக்கொள்வார்கள் என்கின்றனர். இவர்களுக்கு நம் மறுமொழி வருமாறு. கிடங்கில் இருப்பது வியாபாரிக்கு மிஞ்சியது. பாடத்துக்கு வேண்டியது அன்று. கிடங்குக்கு அருகிலுள்ள நகரத்து உபாத்தியாயர் பயனடைகிறார். நூறு மைலுக்கு அப்பால் கிராமத்தில் உழைப்பவர் என் செய்வார்? வியாபாரம் நலிந்த வருஷத்தில் நன்கொடையும் நலியும். ஏழைகள் பெருகுவதும் அவ்வருஷத்திலேதான். எல்லாவற்றுக்கும் மேலாக, தர்மம் நின்றுபோனால் எந்தக் குழந்தையும் எந்த நியாயஸ்தலத்திலும் அதைக் கேட்க முடியாது. கேட்க முடியாதது உரிமையாகாது.

மற்றொரு சாரார், இத்தகைய தர்மம் சர்க்காரின் குற்றத்தை மூடி மறைப்பதால் இதை நிறுத்திவிடுவதே நலம் என்கின்றனர். இவர்கள் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் இதை நாம் ஏற்கோம். ஏழு வயதுக் குழந்தைக்கு இவ்வருஷம் ஒரு முறைதான் வரும். சட்டசபை மனம் திருந்தும் வரையில் நீ எழுதாமலிரு என்று அதனிடம் சொல்ல எவருக்கும் அதிகாரமில்லை.

ஆகவே தர்மமும் நடக்கவேண்டும். தர்மம் சாட்சியும் சொல்லவேண்டும். ஒவ்வொரு கிடங்கும் வருஷந்தோறும் எப்பாடசாலைக்கு எவ்வளவு மதிப்புள்ள சாமான் சென்றது என்பதைக் கணக்கிட்டு, உபாத்தியாயர் தம் பையிலிருந்து போட்ட தொகையையும் சேர்த்து, பள்ளி ஜில்லா சபையின் முன்னும் சட்டசபையின் முன்னும் வைக்கட்டும். அதை நன்கொடைப் பட்டியல் என்று அழைக்கவேண்டாம். பொதுப்பணம் குழந்தைகளுக்குப் பட்டிருக்கும் கடன் என்று அழைக்கட்டும். கொடுத்தவர் பெயரைக் கல்லிற் பொறிப்பதைக் காட்டிலும், கொடாதவர் பெயரைக் கணக்கில் ஏற்றுவது மேலான தொண்டு.

இவ்வழியின் பலனை 2018-ம் வருஷம் காட்டிற்று. மேற்கு வர்ஜீனியா மாகாணத்தில் 55 கௌண்டிகளின் உபாத்தியாயர்களும் ஒருங்கே வேலை நிறுத்தம் செய்து நூற்றுக்கு 5 வீதம் சம்பள உயர்வு பெற்றனர். அதைப் பார்த்து ஓக்லஹாமா, அரிஜோனா முதலிய மாகாணத்தாரும் எழுந்தனர். ஓக்லஹாமா உபாத்தியாயர்கள் தம் வகுப்பிலுள்ள கிழிந்த பாடப்புத்தகங்களையும் உடைந்த நாற்காலிகளையும் படம் பிடித்து ஊரறியக் காட்டினர். அதுவரை தங்கள் குறையைத் தாங்களே மூடி வந்தவர்கள் அன்று அதைத் திறந்து வைத்தனர். இருபது வருஷத் தர்மம் பெறாத கவனத்தை இரண்டு வாரத்துச் சாட்சியம் பெற்றது.

நம் தேசத்தார் இதில் கற்க வேண்டுவதும் உண்டு. அமெரிக்கச் சாசனத்தில் இல்லாத உரிமை நம் சாசனத்தில் 2002-ம் வருஷத்துத் திருத்தத்தால் 21-ஏ பிரிவாக ஏறியிருக்கிறது. 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஒவ்வொரு வகுப்புக்கும் தேவையான போதனா உபகரணங்களை அளிக்கவேண்டும் என்று விதிக்கிறது. எட்ஜ்வுட் பெற்றோருக்குக் கிட்டாத ஆயுதம் நம் கையில் இருக்கிறது. ஆயினும் ஏட்டிலுள்ள உரிமை தானே நடந்து வந்து வகுப்பில் உட்காராது. தேசத் தொண்டர்கள் தத்தம் ஊர்ப் பாடசாலைக்குச் சென்று, உபாத்தியாயர் தம் கைப்பணத்தில் வாங்கியது எது என்று ஒரு முறை கேட்டுப் பார்க்கட்டும். அதற்கு அவர் சொல்லும் விடையே அவ்வூரில் அச்சட்டம் நடக்கும் லட்சணத்தைக் காட்டும் கண்ணாடி.

உபகாரிகள் வாழ்க! ஆனால் அவர்களுடைய உபகாரம் தேவைப்படாத காலமும் விரைவில் வருக. அக்காலத்தைக் கொண்டுவருவது தர்மவான்களின் வேலையன்று. வாக்குரிமை உள்ள ஒவ்வொருவரின் வேலை.