குழந்தையின் தாகம்



சென்ற மாதம் ஒரு ஞாயிறு. திருப்பலி முடிந்து கோயில் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தேன். நம் பங்கைச் சேர்ந்த இளந்தாய் ஒருத்தி, இடுப்பில் குழந்தையுடன் என்னிடம் வந்தாள். ஒரு வயது நிரம்பாத குழந்தை. இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு; முகம் வாடித் தலை தாயின் தோளில் சாய்ந்து கிடந்தது. "டீச்சர், கொடுக்கக் கொடுக்கப் போய்க்கொண்டே இருக்கிறது. வயிறு சற்றுக் காயட்டும் என்று பாலையும் தண்ணீரையும் நேற்றிரவிலிருந்து நிறுத்திவிட்டேன். சரிதானே?" என்று கேட்டாள்.

அவள் பட்டம் பெற்றவள். குழந்தையின்மீது உயிரையே வைத்திருப்பவள். அவளை அக்கணமே ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்பிவைத்தேன். இறைவன் அருளால் குழந்தை தேறிவிட்டது. எனினும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஏனெனில், அதே கேள்விக்கு என் இல்லத்தில் ஒருமுறை தவறான விடை கூறப்பட்டது. அதனை இம்மாதம் உங்களிடம் சொல்லிவிடுவதே நல்லது என்று எண்ணுகிறேன்.

அது 1984-ஆம் ஆண்டுக் கோடை. கொள்ளிடக் கரையில் ஒரு சிற்றூரில் குடியிருந்தோம். நான்கு வயதில் ஒரு மகன். பதினொரு மாதத்தில் ஒரு மகள். என் மாமியாரும் எங்களுடன் இருந்தார். அவரை நான் அத்தை என்றே அழைப்பேன். ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர். அவர் சொல்லை வீட்டில் எவரும் மீறுவதில்லை.

குழந்தைக்குப் பேதி கண்டது. பல் முளைக்கும் பருவம், தானாக நின்றுவிடும் என்று முதல் நாள் ஓமத் தண்ணீர் கொடுத்தோம். மறுநாள் வாந்தியும் சேர்ந்துகொண்டது. "பாலை நிறுத்து, தண்ணீரும் காட்டாதே. குடல் காய்ந்தால்தான் பேதி நிற்கும்" என்றார் அத்தை. நான் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுப்பவள். ஆயினும் பணிந்தேன். நண்பகலில் குழந்தை என் கையிலிருந்த செம்பைக் கண்டு கை நீட்டியது. நான் செம்பை முந்தானையால் மறைத்துக்கொண்டேன். அந்தச் சிறு கை நீண்டதை இன்றளவும் என்னால் மறக்க இயலவில்லை.

மாலையில் குழந்தையின் கண்கள் குழிந்துவிட்டன. உச்சிக்குழி உள்வாங்கியிருந்தது. அழுதாள், ஆனால் கண்ணீர் வரவில்லை. தொக்கம் எடுக்க வேண்டும் என்றார் அடுத்த வீட்டுப் பாட்டி. நகருக்குச் செல்லும் கடைசிப் பேருந்து போய்விட்டது. என் கணவர் ஆரோக்கிய அன்னையின் படத்தின் முன் முழந்தாளிட்டு, குழந்தை பிழைத்தால் வேளாங்கண்ணிக்கு நடந்தே வருவதாக நேர்ந்துகொண்டார். அதன் பின்னரே கன்னியர் மடத்து மருந்தகச் சகோதரிக்கு ஆள் அனுப்பினோம்.

முதிய சகோதரி கைவிளக்குடன் வந்தார். குழந்தையின் வயிற்றுத் தோலை இரு விரல்களால் மெல்லப் பிடித்துவிட்டார். அது உடனே படியாமல் மடிப்பாகவே நின்று மெல்லத் தணிந்தது. "கடைசியாக எப்போது குடித்தாள்?" என்று கேட்டார். "காலையில்" என்றேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. தம் பையிலிருந்து ஒரு சிறு பொட்டலத்தை எடுத்தார்.

"சிஸ்டர், வேளாங்கண்ணிக்கு நடந்து வருவதாக நேர்ந்திருக்கிறேன்" என்றார் என் கணவர்.

"நல்லது சார், கட்டாயம் போய் வாருங்கள். இப்போது அடுப்பை மூட்டி ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க வையுங்கள்" என்றார் சகோதரி.

கொதித்து ஆறிய நீரில் பொட்டலத்தைக் கரைத்து, இரண்டு நிமிடத்திற்கு ஒரு தேக்கரண்டி வீதம் கொடுக்கத் தொடங்கினார். குழந்தை ஆவலோடு விழுங்கினாள்; உடனே வாந்தி எடுத்தாள். "கொல்லப் பார்க்கிறீர்கள்!" என்று கூவிவிட்டு அத்தை கொல்லைப்புறம் போய்விட்டார். சகோதரி பத்து நிமிடம் பொறுத்து, மீண்டும் கரண்டியை எடுத்தார். இவ்வாறு நள்ளிரவும் கடந்தது. ஏறத்தாழ இரண்டு மணிக்கு என் மடி நனைந்தது. குழந்தை சிறுநீர் கழித்திருந்தாள். "ஆண்டவருக்கு நன்றி, இதற்காகத்தான் காத்திருந்தேன்" என்று சகோதரி சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார்.

இந்த நற்செய்தியைச் சொல்ல அத்தையைத் தேடிப் போனேன். கிணற்றுச் சுவரில் சாய்ந்து அமர்ந்திருந்தார். நான் சொன்னதைக் கேட்டதும் முகத்தை மூடிக்கொண்டார். பிறகுதான், எங்களில் எவரும் அறியாத ஒன்றைச் சொன்னார். என் கணவருக்கு முன் அவருக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்திருந்தது. ஒரு வயதில் இதே நோய். "தண்ணீருக்கு அழுதான் அம்மா. கொடுக்காதே என்று பெரியவர்கள் சொன்னார்கள். நான் கொடுக்கவில்லை. அவனைத் தாகத்தோடு அனுப்பிவிட்டேன்."

பிடிவாதம் என்று நான் கருதியது பிடிவாதமன்று என்பது அப்போதுதான் விளங்கிற்று. அன்றிரவு தண்ணீர் கொடுத்தது சரியென்றால், முன்னர் அவர் தண்ணீர் மறுத்தது தவறென்று ஆகிவிடும். அந்த உண்மையை எந்தத் தாயால் எளிதில் ஏற்க இயலும்? நான் ஒன்றும் பேசாமல் அவர் கையைப் பற்றி உள்ளே அழைத்துவந்தேன். சகோதரி எங்கள் இருவரையும் பார்த்தார். "அம்மா, என் கை சோர்ந்துவிட்டது. இனி நீங்கள் கொடுங்கள்" என்று கரண்டியை அத்தையிடம் நீட்டினார். விடியும்வரை அத்தைதான் கொடுத்தார். முதற்பேருந்தில் நகர மருத்துவமனைக்குச் சென்றோம். இரண்டு நாளில் திரும்பினோம்.

நிற்க. அந்தச் சிறு பொட்டலத்தின் வரலாறு நம்மவர் அனைவரும் அறியத்தக்கது. 1971-ஆம் ஆண்டு வங்கதேசப் போரின்போது, எல்லையைக் கடந்து வந்த அகதிகளிடையே காலரா பரவிற்று. மேற்கு வங்கத்தில் போங்காவ் என்னும் ஊரில் மருத்துவப் பணி செய்த டாக்டர் திலீப் மகலனாபிஸ், நரம்பில் ஏற்றும் மருந்து நீர் தீர்ந்துபோகவே, உப்பும் குளுக்கோஸ் சர்க்கரையும் கலந்த நீரைக் கொள்கலன்களில் நிரப்பி, நோயாளிகளின் உற்றாரைக் கொண்டே புகட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பது பேர் வரை மாண்டுகொண்டிருந்த நிலை மாறி, இறப்பு நூற்றுக்கு நான்குக்கும் கீழே குறைந்தது. 2022-இல் அவர் மறைந்தார். 2023-இல் நம் அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அளித்துப் போற்றியது.

இதன் தத்துவம் எளிது. பேதியால் குழந்தை இறப்பது பெரும்பாலும் உடலின் நீரும் உப்பும் வற்றிப்போவதனால்தான். வெறுந்தண்ணீர் மட்டும் இந்த இழப்பை ஈடுசெய்யாது. உப்பும் குளுக்கோஸும் தக்க அளவில் சேர்ந்திருந்தால், குடல் அவ்விரண்டையும் உறிஞ்சும்போது நீரையும் கூடவே ஈர்த்துக்கொள்கிறது. கடும் பேதியிலும் இந்த வழி அடைபடுவதில்லை. ஆகவே, போவதைக் கண்டு அஞ்சிக் கொடுப்பதை நிறுத்தலாகாது. போவதற்கு ஈடாகக் கொடுக்க வேண்டும்.

அந்த இரவை நினைக்கும்போதெல்லாம் யாயிரின் மகள் என் கண்முன் வருகிறாள். பன்னிரண்டு வயதுச் சிறுமி. ஆண்டவர் அவள் கையைப் பிடித்து எழுப்புகிறார். அனைவரும் மலைத்து நிற்கின்றனர். அப்போது ஆண்டவர் கூறுவது யாது? சிறுமிக்கு உண்ணக் கொடுக்கும்படி பணிக்கிறார். மாற்கும் லூக்காவும் இதனை மறவாமல் குறித்திருக்கின்றனர். சாவை வென்ற கரம், அவளுக்குச் சோறூட்டும் வேலையைப் பெற்றோரிடமே விட்டுவிட்டது. அவரால் செய்ய இயலாததா? அன்று. அது பெற்றோரின் பங்கு.

வேளாங்கண்ணியின் மரபும் இதனையே நினைவூட்டுகிறது. மோர் விற்ற கால் ஊனமுற்ற சிறுவனுக்குத் தோன்றிய அன்னை, முதலில் கேட்டது தம் திருமகனுக்குக் கொஞ்சம் மோர் என்று நம் முன்னோர் சொல்லிவந்துள்ளனர். தம் குழந்தையின் தாகத்திற்காக ஏழைச் சிறுவனிடம் கையேந்திய தாயின் படத்தின் முன் மன்றாடிக்கொண்டே, என் குழந்தையின் தாகத்தை நான் மறுத்திருந்தேன்! செபம் வேண்டாம் என்பதன்று நான் கூறுவது. சீராக்கின் ஞான நூல் 38-ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். நோயில் ஆண்டவரை மன்றாடச் சொல்லும் அதே இடத்தில், மருத்துவருக்கும் உரிய இடத்தைக் கொடுக்கச் சொல்கிறது. முழந்தாளிடுவதும் அடுப்பு மூட்டுவதும் ஒரே விசுவாசத்தின் இரு செயல்கள்.

இனி, ஒவ்வொரு வீட்டிலும் நினைவில் வைக்க வேண்டியவை:

பேதி தொடங்கிய உடனேயே ஓ.ஆர்.எஸ். என்னும் உப்பு–சர்க்கரைக் கரைசலைக் கொடுங்கள். பொட்டலத்தில் எழுதியுள்ள அளவு நீரில் முழுப் பொட்டலத்தையும் கரையுங்கள்; நீர் கூடவோ குறையவோ வேண்டாம். கரைத்தது 24 மணி நேரத்திற்கே, மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை பேதியானதும் 50 முதல் 100 மில்லி லிட்டரும், அதற்கு மேற்பட்டோருக்கு 100 முதல் 200 மில்லி லிட்டரும் கொடுக்கலாம். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகக் கொடுங்கள்.

பொட்டலம் கிடைக்காத வேளையில், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலக்கலாம். சுவைத்துப் பாருங்கள், கண்ணீரைவிட உப்புக் கரித்தால் அதைக் கொடுக்காதீர்கள். கடையில் விற்கும் இனிப்புப் பானங்கள் இதற்கு மாற்றாகா.

தாய்ப்பாலை ஒருபோதும் நிறுத்தாதீர்கள். உண்ணும் குழந்தைக்குக் குழைந்த சோறு, இட்லி, வாழைப்பழம் சிறிது சிறிதாகக் கொடுங்கள். மருத்துவர் தரும் ஜிங்க் என்னும் துத்தநாகச் சத்து மாத்திரையை, பேதி நின்றாலும் அவர் சொன்ன நாள்வரை கொடுத்து முடியுங்கள். பேதியை நிறுத்தும் மருந்துகளை நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

கண் குழிதல், கண்ணீரின்றி அழுதல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழியாமை, குடிக்க மாட்டாமை, துவண்டு மயங்குதல், மலத்தில் இரத்தம், ஓயாத வாந்தி, கடுங்காய்ச்சல் – இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் காலம் தாழ்த்தாது மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஆறு மாதம் நிரம்பாத குழந்தையாயின் பேதி கண்ட உடனேயே மருத்துவரிடம் காட்டுங்கள். எங்களுக்கு அன்று பேருந்து இல்லை. உங்களுக்கு இன்று 108 இருக்கிறது. வழியிலும் கரண்டியால் கொடுத்துக்கொண்டே போங்கள். ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து 2016 முதல் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்க்கப்பட்டு, 6, 10, 14-ஆம் வாரங்களில் இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. அதனைத் தவறவிடாதீர்கள்.

தந்தையரே, உங்களிடம் ஒரு வார்த்தை. குழந்தை நோயுற்ற இரவில் நேர்ந்துகொள்வதோடு உங்கள் கடமை முடிந்துவிடவில்லை. நீரைக் கொதிக்க வைப்பதும், இரண்டு மணி நேரம் கரண்டி பிடித்துத் தாயை உறங்கச் செய்வதும் உங்கள் கடமையே. என் கணவர் அவ்வாண்டு வேளாங்கண்ணிக்கு நடந்து சென்றார். ஆயினும் அந்த அடுப்பு மூட்டிய இரவையே தம் நேர்ச்சையின் முதல் காதம் என்று சொல்லுவார்.

மருமக்களே, மூத்தவர்கள் பழைய முறையைச் சொல்லும்போது அவர்களை அறிவிலிகள் என்று பழிக்காதீர்கள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு சிறு கல்லறை இருக்கக்கூடும். குழந்தைக்கு வேண்டியதைத் தயங்காமல் செய்யுங்கள். கரண்டியை அவர்கள் கையிலும் கொடுங்கள்.

அத்தை பின்னர் தம் மனச்சுமையைப் பங்குத் தந்தையிடம் எடுத்துரைத்தார். அறியாமையினால் நேர்ந்தது பாவமாகாது, அன்பு கொண்டு செய்ததை ஆண்டவர் அறிவார் என்று அவர் ஆறுதல் கூறியதாக அத்தையே என்னிடம் சொன்னார். அதன் பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியில் இந்தப் பொட்டலங்கள் எப்போதும் இருந்தன. ஊரில் எந்த வீட்டில் குழந்தைக்குப் பேதி என்று கேள்விப்பட்டாலும், ஒன்றை மடியில் முடிந்துகொண்டு புறப்பட்டுவிடுவார். இறக்கும்வரை அப்படித்தான் இருந்தார்.

உங்கள் வீட்டில் செபமாலை தொங்கும் ஆணியை ஒருமுறை பாருங்கள். அதன் அருகிலேயே இரண்டு பொட்டலங்களையும் வையுங்கள். நள்ளிரவில் குழந்தை அழும்போது, இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளலாம்.