பிறவிக் குற்றவாளிகளா நம் பிள்ளைகள்?



ஈப்போவில் எங்கேனும் ஒரு வெட்டுக்குத்து நடந்துவிட்டால் போதும். நம் பெரிய மனிதர் சிலர் சால்வையை உதறிப் போட்டுக்கொண்டு மேடையேறி விடுகிறார்கள். "தமிழ்ப் பையன்கள் கெட்டுவிட்டார்கள்! சினிமா கெடுத்தது! பெற்றோர் வளர்ப்புச் சரியில்லை!" என்று முழங்குகிறார்கள். மாலை வாங்குகிறார்கள், காரேறிப் போய்விடுகிறார்கள். இன்னுஞ் சிலர் ஒருபடி மேலே போய், "அது இரத்தத்திலேயே ஊறியது" என்று மெல்லச் சொல்லுகிறார்கள்.

இந்த இரத்தக் கதை புதிதன்று. 1871-இல் வெள்ளைக்காரன் இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தான். பின்னர் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. இன்ன ஜாதியில் பிறந்தவன் திருடன். கைரேகை வைத்துவிட்டுத்தான் நடமாட வேண்டும்! 1920 ஏப்ரல் 3-ஆம் நாள், மதுரைச் சீமையின் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்து எதிர்த்து நின்ற மக்களைப் போலீஸ் சுட்டு வீழ்த்தியது. 1947-இல் சென்னையில் அச்சட்டம் ஒழிந்தது. அன்று ரேகை வைத்தவர்களின் பேரப்பிள்ளைகளில் இன்று ஆசிரியர் உண்டு, வக்கீல் உண்டு, போலீஸ் அதிகாரியும் உண்டு. இரத்தத்தை யார் மாற்றி ஊற்றினார்கள்?

அமெரிக்காவின் சிக்காகோ நகரில் ஷா, மெக்கே என்ற இரு அறிஞர்கள் பல ஆண்டு நீதிமன்றக் கணக்குகளை வரைபடத்தில் குறித்து, 1942-இல் நூலாக வெளியிட்டார்கள். ஆலைகளை ஒட்டிய ஏழைக் குடியிருப்புகளில் முதலில் ஜெர்மானியரும் ஐரிஷ்காரரும் இருந்தார்கள்; பிறகு இத்தாலியரும் போலந்துக்காரரும் வந்தார்கள். குடியிருந்தவர்கள் மாறினார்கள், சிறுவர் குற்றம் அந்தப் பகுதியை விட்டுப் போகவில்லை. நல்ல இடத்துக்குக் குடிபோனவர்களின் பிள்ளைகளிடமோ அது குறைந்தது. இடத்தின் நோயை இனத்தின் நோய் என்பது எத்தகைய அநியாயம்!

இப்போது நம் பேராக்கைப் பாருங்கள். 1950-களில் தோட்டத் துண்டாடல் தொடங்கியது. அதைத் தடுக்கத்தான் சுங்கை சிப்புட் சம்பந்தன் அவர்கள் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஏற்படுத்தி, தொழிலாளியின் பத்துப் பத்து வெள்ளியைத் திரட்டித் தோட்டம் வாங்க வைத்தார். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்குப் பின் வீடமைப்பு, தொழிற்பேட்டை என்று நிலம் கைமாறிற்று. 1980-க்கும் 2000-க்கும் இடையே சுமார் 3,00,000 இந்தியர் தோட்டங்களிலிருந்து பெயர்க்கப்பட்டார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

ஒரு நோட்டீசில் என்னென்ன போயிற்று? வேலை போனது மட்டுமா? வேலையோடு கட்டிய லயத்து வீடு போயிற்று. ஆயாக்கொட்டகை, கோயில், திடல், பல இடங்களில் தமிழ்ப்பள்ளியும் போயிற்று. லயத்தில் ஒரு பையன் தப்புச் செய்தால் பத்து வீட்டுக்காரரும் அவன் காதைத் திருகலாம். பால்மரத்துக்குப் போன தாய் வரும்வரை அண்டை வீட்டு அத்தை பார்த்துக்கொள்வாள். (தோட்டம் சொர்க்கம் என்று யாரும் கதை விட வேண்டாம். கள்ளுக்கடையும், மழைநாளின் கூலியில்லாப் பட்டினியும், வீட்டுக்குள் விழுந்த அடியும் நமக்குத் தெரியும்.) நகரத்து மலிவு விலை அடுக்குமாடியில் அந்த அத்தை இல்லை. தாய் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட், தகப்பன் லோரியில். பையனோ ஐந்தாம் படிவம் முடிக்கவில்லை. சிலருக்குப் பிறப்புப் பத்திரமே இல்லை. அது இல்லாமல் அடையாள அட்டை ஏது? அட்டை இல்லாமல் நல்ல வேலை ஏது?

ஆனால் ஆசையை மட்டும் யாரும் மறுக்கவில்லை! மோட்டார், கைப்பேசி, பகட்டு என்று எல்லாவற்றையும் விளம்பரம் அவன் கண்முன் ஆட்டுகிறது. நேர்வழிக் கதவுதான் பூட்டியிருக்கிறது. பின்வாசலில் குண்டர் கும்பலின் 'அண்ணன்' நிற்கிறான். அவன் சான்றிதழ் கேட்பதில்லை. சாப்பாடு வாங்கித் தருகிறான், 'தம்பி' என்கிறான். வெட்டுப்பட்டுச் சாகிறவனும் நம் பிள்ளை, வெட்டிவிட்டு ஜெயிலுக்குப் போகிறவனும் நம் பிள்ளை. அண்ணனுக்கு இன்னொரு தம்பி கிடைக்கிறான்.

வெட்டியவனைச் சட்டம் தண்டிக்கட்டும். அதில் நமக்குத் தகராறு இல்லை. ஆனால் 1959-ஆம் ஆண்டின் குற்றத் தடுப்புச் சட்டத்தை 2013-இல் திருத்தி, விசாரணையின்றி ஈராண்டு அடைக்க வழி செய்தார்களே, அந்த அடைப்பால் பூட்டிய கதவு திறந்ததா? குழாய் உடைந்திருக்க, தரையைத் துடைத்துக்கொண்டே இருப்பது எந்த ஊர் கெட்டிக்காரத்தனம்?

நம்மவர் கைகட்டி நின்றவர்களும் அல்லர். போர் முடிந்த கையோடு கெடாத் தோட்டங்களில் தொண்டர் படை கண்டு, இளைஞர்களைக் கட்டுப்பாட்டில் கொண்டுவந்து, 1947-இல் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தவர்கள் தோட்டத் தொழிலாளிகளே. குடியை ஒழிக்க நின்றவர்கள் மீதுதான் அன்றைய ஆட்சி தடியைத் தூக்கியது!

நாம் கேட்பது இது: தோட்டம் விற்கப்படுமுன் வீடு, பள்ளியை விட்ட பையனுக்குச் சம்பளத்தோடு தொழிற்பயிற்சி, அடுக்குமாடிக்கு ஒரு திடல், ஒரு படிப்பகம். கேட்டுக்கொண்டே நாமும் ஒன்று செய்யலாம். கிராணிமாரே, பாரம் நிரப்புவதில் உங்களை மிஞ்ச ஆளில்லை. ஒவ்வொரு கிளையிலும் இரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமை மேசை போட்டு உட்காருங்கள். பத்திரமில்லாத பிள்ளைகளின் பெயரை எழுதுங்கள். தாயையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு பதிவிலாகாவுக்கு நீங்களே போங்கள். ஒருமுறை திருப்பி அனுப்பினால் மறுமுறை சங்கத்தின் கடிதத்தோடு போங்கள்.